சக்கரத்தின் மேல் ஒரு வீடு

போன மாதம் மகன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளை வேன். உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேசை, சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, ஓரத்தில் அலமாரி போல ஒரு கழிப்பறை.

"கேம்பர் வேன் அப்பா. பெங்களூர்லேருந்து வாடகைக்கு வருது. தரங்கம்பாடியிலே ஆரம்பிச்சு கடலோரமாவே ராமேஸ்வரம் வரைக்கும், அப்புறம் கொடைக்கானல். பத்து நாள். நீங்களும் வர்றீங்க" என்றான். மருமகள் சமையலறையிலிருந்தே, "மாமா, லாட்ஜ் தேட வேண்டாம், பாத்ரூமும் கூடவே வருது" என்றாள். எழுபது தாண்டியவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை வார்த்தை கிடையாது.

பேரன், "தாத்தா, இதெல்லாம் உங்க காலத்துல இல்லையே" என்றான். இருந்தது என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். வேலை பார்த்தது பழைய தென்னாற்காடு மாவட்டத்து வருவாய்த் துறையில். இந்த இரண்டுக்கும் வண்டி வீட்டோடு சம்பந்தம் உண்டு.

முதலில் பிரெஞ்சு. எங்கள் பள்ளி நூலகத்தில் ஜூல் வெர்ன் வரிசையாக இருக்கும். அதில் எங்களுக்குள் அடிபிடியாக இருந்தது 1880-இல் வந்த 'லா மேசோன் அ வபேர்', அதாவது நீராவி வீடு. கதை நடப்பது நம் நாட்டில், 1867-இல். பாங்க்ஸ் என்ற எஞ்சினியர் இரும்பில் ஒரு யானை செய்கிறார். வயிற்றில் கொதிகலன், தும்பிக்கை வழியாகப் புகை. பூட்டான் ராஜாவுக்காகச் செய்தது. ராஜா இறந்துவிட, எஞ்சினியர் அதைக் கர்னல் மன்றோவுக்காக வாங்குகிறார். அது இரண்டு பெரிய வீட்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து கிளம்பி, கங்கைச் சமவெளி வழியாக இமயமலை அடிவாரத்துக்குப் போகிறது. முன் வண்டியில் கர்னல் மன்றோவும் அவருடைய நண்பர்களும். பின் வண்டியில் சமையற்கட்டு, சமையற்காரர், வேலையாட்கள். வெர்ன் ஒரு நாளும் இந்தியாவுக்கு வந்தவரல்ல. ஆனால் எஜமானருக்கு ஒரு வண்டி, சமையற்காரனுக்கு இன்னொரு வண்டி என்று சரியாகப் பிரித்து எழுதினார். எங்கள் ஊரை அவருக்கு யாரோ நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 1867-ஆம் வருஷம் நெய்வேலிக்காரர்களுக்கு வேறு விதத்தில் தெரிந்த வருஷம். அந்த மே மாதம் 23-ஆம் தேதிதான் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். அங்கே தைப்பூசத்துக்கு ஜனங்கள் வந்து சேர்ந்த வண்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்ததை ஆயா (என் அப்பாவைப் பெற்றவள்) நிறையச் சொல்லியிருக்கிறாள். கூண்டு வண்டியின் அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கும் பாயும். இருசுக்கட்டையில் அரிக்கேன் விளக்கு தொங்கும். பின்னால் பானை, சட்டி, மூட்டையில் புளிச்சோறு. குழந்தைகள் உள்ளே தூங்கும், ஆண்கள் வண்டியோடு நடப்பார்கள். ராத்திரியெல்லாம் ஓட்டி, விடியற்காலையில் ஒரு சத்திரமோ குளக்கரையோ பார்த்து அவிழ்த்துவிடுவார்கள். மூன்று கல் அடுப்பு. நாலு நாள், ஐந்து நாள் வண்டிதான் வீடு. கேம்பர் வேன் என்ற பெயர்தான் அதற்கு இல்லை.

சர்க்கார் பக்கத்துக்கு வருகிறேன். வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கு 'முகாம்' என்ற சொல்லின் எடை தெரியும். கலெக்டர் கையெழுத்திடும் கடிதத்தின் தலைப்பில் 'முகாம்: விருத்தாசலம்' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. கம்பெனிக் காலத்திலிருந்தே கலெக்டர் என்பவர் வருஷத்தில் பல மாதம் கச்சேரியில் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது முறை. கூடாரங்கள், மேசை நாற்காலி, கணக்குப் பெட்டிகள், சமையல் சாமான், கோழிக் கூடை எல்லாம் மாட்டு வண்டிகளில் முன்கூட்டியே போய்விடும். துரை குதிரையில் வந்து இறங்கும்போது கூடாரம் நிற்கும், தேநீர் கொதிக்கும். அதற்குச் சில மணி நேரம் முன்பே எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் வண்டியிலோ கால்நடையாகவோ வந்து, மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள். ரயத்துவாரி முறையை ஊன்றிய சர் தாமஸ் மன்றோ, சென்னை கவர்னராகப் பதவியை முடித்துக் கிளம்பும் சமயத்தில், தான் பழகிய கடப்பை, பெல்லாரிப் பக்கம் விடைபெறச் சுற்றுப்பயணம் போனார். 1827 ஜூலை 6-ஆம் தேதி பட்டிக்கொண்டாவில் காலரா கண்டு இறந்தார். முகாமிலேயே உயிர் போன கவர்னர். வெர்னின் கர்னலுக்கும் மன்றோ என்றே பெயர். இதைப் பள்ளியில் கவனிக்கவில்லை, உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

என் காலத்தில் கூடாரம் போய் ஜீப் வந்துவிட்டது. ஆனாலும் ஜமாபந்தி என்றால் ஃபசலிக் கணக்குகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய், டிராவலர்ஸ் பங்களாத் தாழ்வாரத்தில் படுத்து, ஊர் திரும்பிப் பயணப்படி பில் எழுதுவதுதான். துரைக்குக் கட்டில், குமாஸ்தாவுக்குத் தாழ்வாரம். வெர்னின் இரண்டு வண்டி மாதிரிதான்.

மோட்டார் வந்த பிறகு கதை வேகம் பிடிக்கிறது. எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் 'குரூவாசியேர் ழோன்' என்று ஒரு பாடம். சித்ரோயன் கம்பெனி தன் வண்டிகளின் பெருமையைக் காட்ட 1931 ஏப்ரலில் பெய்ரூத்திலிருந்து ஒரு கூட்டத்தையும், சீனாவில் தியென்ட்சினிலிருந்து இன்னொரு கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. முன் சக்கரம் சாதாரணச் சக்கரம், பின்னால் டாங்கி போலப் பட்டை. சமையலுக்கும் கம்பியில்லாத் தந்திக்கும் தனித்தனி வண்டிகள். தலைவர் ழோர்ழ் மரி ஆர்ட். பெய்ரூத் கூட்டம் பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்து காஷ்மீர் சேர்ந்தது. ஸ்ரீநகரிலிருந்து கில்கித் வரை இரண்டு வண்டிகளை மட்டும் மலையேற்றினார்கள். பாதை இடிந்து கிடந்த இடத்தில் வண்டியைப் பிரித்துத் துண்டு துண்டாக ஆட்கள் தலையில் தூக்கிப்போய், அந்தப் பக்கம் மறுபடி பூட்டினார்கள். கில்கித்துக்கு மேல் அதுவும் முடியாமல் வண்டியை விட்டுவிட்டுக் குதிரையில் போனார்கள். 1932 பிப்ரவரியில் பீக்கிங். அடுத்த மாதமே ஆர்ட் ஹாங்காங்கில் காய்ச்சலில் இறந்துபோனார். எங்கள் வாத்தியார் இந்தப் பாடத்தை உணர்ச்சியோடு நடத்துவார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மெஸ்யே, தலையில் தூக்கினவங்க பேர் என்ன?" என்று கேட்டான். புத்தகத்தில் இல்லை என்றார். நல்ல மனிதர், மழுப்பவில்லை.

உண்மையான வண்டி வீடு வந்தது யுத்தத்துக்குப் பிறகு. 1947-இல் பென் பொன் என்ற டச்சு வியாபாரி, ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போன இடத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு ரொட்டித் துண்டு போன்ற வண்டியை வரைந்தார். மூக்கு கிடையாது, எஞ்சின் பின்னால், நடுவில் முழுவதும் இடம். 1950 மார்ச்சில் அது உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் வைக்கக் கட்டில், அலமாரி, அடுப்பு கொண்ட ஒரு பெட்டியைச் செய்து விற்றது. கட்டிலைக் கொண்டுபோகச் சமஸ்தானம் வேண்டியிருந்த காலம் போய், ஒரு பள்ளி ஆசிரியரும் வீட்டோடு ஊர் சுற்றலாம் என்று ஆயிற்று.

சுற்றினார்கள். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். 1957 ஏப்ரல் 15-இல் லண்டனிலிருந்து 'இந்தியாமேன்' என்ற பஸ் இருபது பயணிகளோடு புறப்பட்டு ஜூன் 5-இல் கல்கத்தா வந்தது. அது எங்கோ வழியில் புழுதி பறக்க வந்துகொண்டிருந்த மே 20-ஆம் தேதிதான், நேரு இங்கே நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பிறகு ருஷ்யர்கள் அனல்மின் நிலையத்துக்கும், ஜெர்மானியர்கள் பக்கெட் வீல் எந்திரங்களுக்கும் வந்தார்கள். டவுன்ஷிப்பின் பழைய ஆட்களுக்கு அந்த முகங்கள் ஞாபகம் இருக்கும். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, வண்டியில் தூங்க வேண்டியதில்லை.

அறுபதுகளில் இந்த வழி ஒரு ஆறு மாதிரி ஆகிவிட்டது. இஸ்தான்புல், தெஹ்ரான், ஹேராத், காபூல், கைபர் கணவாய், லாகூர், அமிர்தசரஸ், டில்லி. அங்கிருந்து சிலர் காட்மாண்டுக்கு, சிலர் கோவாவுக்கு. தெற்கே வந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் பலர் புதுச்சேரிக்கு வந்தார்கள். 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியது. 1969-இல் பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளிலேயே தரைவழியாக வந்து இறங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'காரவான்'. அவர்களுக்காகப் போட்ட குடில்கள்தான் ஆஸ்பிரேஷன் குடியிருப்பு. 1970 ஆகஸ்டில் சித்ரோயன் கம்பெனி ஏறக்குறைய ஐந்நூறு சின்னக் கார்களைப் பாரிசிலிருந்து காபூலுக்கு ஓட்டிப்போய்த் திரும்ப வைத்தது. அந்த வருஷம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், வெளிநாட்டு நம்பர் பலகையோடு நிற்கும் வேன்களை எண்ணுவது எங்கள் மாலை வேலை.

அப்படி நின்ற ஒரு வேனில்தான் நான் ஏறினேன். 1971 ஜனவரி. எனக்குப் பத்தொன்பது. பக்கலோரேயா முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். லியோனைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதி, ஒரு வருஷ விடுப்பில் ஃபோக்ஸ்வாகன் வேனில் வந்திருந்தார்கள். தமிழ் தெரிந்து பிரெஞ்சு பேசும் ஒரு பையன் மூன்று வாரத்துக்கு வேண்டும். சாப்பாடு போட்டு ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். அம்மா அழுதாள். அப்பா, "கணக்கு எழுதி வை" என்று மட்டும் சொன்னார். அவர் பிரெஞ்சு சர்க்காரில் 'கொமீ'யாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் வீட்டில் அது பரம்பரை வியாதி.

வேனில் படுக்கை இரண்டு பேருக்குத்தான். நான் வெளியே, வண்டிப் பக்கவாட்டில் கட்டிய துணிப் பந்தலின் கீழ். கொசுவலை கொடுத்தார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் கோட்டைச் சுவரின் கீழே முதல் இரவு. வேளாங்கண்ணி. பிறகு கோடிக்கரை உப்பளம். எங்கு நிறுத்தினாலும் கால் மணி நேரத்தில் ஊர் கூடிவிடும். அந்த அம்மாள் கதவைத் திறந்து அடுப்பை மூட்டினால் ஒரு பெருமூச்சு எழும். வேளாங்கண்ணி தாண்டி ஒரு குப்பத்தில் ஒரு கிழவி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏந் தம்பி, இவங்களுக்கு ஊர்ல வீடு இல்லையா?" மொழிபெயர்த்துச் சொன்னேன். கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை, இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தக் காலத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல்தான். அதுவரை ராமேஸ்வரத்துக்கு 1914-இல் கட்டிய ரயில் பாலம் மட்டுமே. ஆகவே வேனை மண்டபத்தில் நிறுத்திவிட்டு ரயில் ஏறினோம். தனுஷ்கோடியும் அப்போது கிடையாது. 1964 டிசம்பர் புயலில் போய்விட்டது. தலைமன்னாருக்குக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. தம்பதிக்கு ஒரு வாரம் இலங்கை போய் வர ஆசை. அந்த மனிதர் நிக்கோலா பூவியேவின் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தார். பூவியே ஜெனீவாக்காரர். 1953-இல் நண்பரோடு ஒரு சின்ன ஃபியட் காரில் கிளம்பிக் கைபர் வரை வந்து, பிறகு தனியாக இந்தியாவைக் கடந்து 1955-இல் இலங்கை சேர்ந்தவர். அவர் போன வழியில் போக வேண்டும் என்று இவருக்கு.

என்னையும் வா என்றார்கள். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை என்றேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "நீ எங்களைப் போலவே பேசுகிறாய், உன் வகுப்பில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள் என்று நீயே சொன்னாய், நீ எப்படி இல்லை?" என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று பேச்சை மாற்றினேன்.

சுங்க அலுவலகத்தில்தான் சிக்கல். வெளிநாட்டு வண்டிகளுக்குக் 'கார்னே' என்று ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு தாளிலும் மூன்று பாகம். உள்ளே வரும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியே போகும்போது ஒன்றை, மூன்றாவது அடிக்கட்டை, முத்திரையோடு புத்தகத்திலேயே நிற்கும். வண்டி வெளியே போகாவிட்டால் சுங்க வரியை அந்த நாட்டு ஆட்டோமொபைல் கிளப் கட்டியாக வேண்டும். போதாததற்கு, வண்டியோடு வந்தவர் என்று அவருடைய பாஸ்போர்ட்டிலும் எழுதியிருந்தது. மேசையில் இருந்தவர் வயதானவர், மூக்குக் கண்ணாடி. அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, சாருக்குச் சொல்லுங்க. இவர் வண்டியோட வந்தவர். வண்டி மண்டபத்திலே நிக்குது. வண்டி போகாம இவர் போக முடியாது" என்றார். குரலில் கடுமை இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் கத்தவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. உலகத்தையே சுற்ற வந்த வண்டி, ஒரு முத்திரையால் ஆளைக் கட்டிப் போட்டுவிட்டது. எனக்கோ, அந்த மூன்று பாகத் தாளைப் பார்த்ததும் ஒரு அழகான பொருளைப் பார்த்த சந்தோஷம். இன்னொரு சந்தோஷமும் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அவர்களும் போக முடியவில்லை.

கப்பல் கிளம்புவதை மூன்று பேரும் கரையில் நின்று பார்த்தோம்.

மதுரை வந்து, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். ஓடையிலிருந்து ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாரும் முன்பக்கம் போய் மூடியைத் தேடினார்கள். மூடி இல்லை. பின்னால் எஞ்சினைத் திறந்தால் அங்கும் ரேடியேட்டர் இல்லை. இந்த வண்டி காற்றில் குளிர்வது, தண்ணீரே கிடையாது என்று நான் சொன்னபோது, குடம் வைத்திருந்தவர் என்னைப் பார்த்த பார்வை! லாரிக்காரர், "தண்ணி குடிக்காத வண்டி மலை ஏறுமா?" என்றார். கடைசியில் அந்தக் குடத்து நீரை நாங்களே குடித்தோம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டபின் வண்டி தானாகவே ஏறியது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே நிறுத்தினோம். குளிர் தாங்காமல் அன்று ராத்திரி என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முன் இருக்கையில் கம்பளியைப் போர்த்திச் சுருண்டேன். அப்போதுதான் அந்த அம்மாள் திரும்பவும் கேட்டாள். சொன்னேன்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதியே கைமாறிவிட்டது. ஆனால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், அங்கே பிறந்து அங்கே குடியிருந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதாதவர்கள் இந்தியர். எங்கள் தெருவில் சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள், நிறைய. அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும் எழுதிக் கொடுப்பார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நான் பத்து வயதுப் பையன். எழுதுவாரா மாட்டாரா என்று அம்மா தினமும் கேட்பாள். பிப்ரவரி மாதம் கெடு முடிந்தது. அவர் எழுதவில்லை.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். ஆயா, தாத்தா போன பிறகு தன் பிறந்த ஊரான பண்ருட்டிக்கே போய்விட்டாள். அப்பா மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பார். புதுச்சேரியின் எல்லை, கிழிந்த துணியில் ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கும். பஸ்ஸில் போனால் சுங்கச் சாவடி. 1949-இல் சுங்க ஒப்பந்தம் முறிந்த பிறகு சோதனை இன்னும் கடுமை. பெற்ற தாய்க்குக் கொண்டுபோகும் புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள், திரும்பி வரும்போது அவள் கொடுத்தனுப்பிய பலாப்பழத்தைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். "அந்தச் சாவடி போச்சு. இன்னொரு எல்லையை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமா?" என்றார். அவ்வளவுதான்.

கேட்டுவிட்டு அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. கணவர், "உன் அப்பா சரியாகத்தான் செய்தார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சரியா தப்பா என்று சொல்ல இவர் யார்? எந்த எல்லையும் இவர் புடவையைப் பிரித்துப் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு நாள் தடுத்ததற்கே முகம் சிவந்தவர். ஆனால் வாய் திறக்கவில்லை. நாளுக்கு ஐந்து ரூபாய்.

புதுச்சேரியில் இறக்கிவிட்டபோது நூற்றைந்து ரூபாயும், பூவியேவின் புத்தகத்தையும் கொடுத்தார்கள். அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். கொடைக்கானலில் ஒரு டீக்கு எழுத விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். என்னுடன் படித்தவர்களில் பலர் பிரான்சுக்குப் போனார்கள். சிலருக்கு இன்றும் அங்கிருந்து பென்ஷன் வருகிறது, என்னுடையதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறேன், எழுத வேண்டாம். நான் தமிழில் பிழையின்றி எழுத இரண்டு வருஷம் பாடுபட்டு, தேர்வெழுதி, தென்னாற்காட்டில் குமாஸ்தாவானேன். அப்பா இருந்தவரை அவர் மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. பிரான்ஸ் போன நண்பர்கள் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவரிடம் இரண்டு நாள் பேச மாட்டேன். அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த வேன்கள் எட்டு வருஷம் மேலும் வந்தன. 1979 தொடக்கத்தில் ஈரானில் புரட்சி. அந்த வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. கைபர் வழியாக வந்த ஆறு அத்தோடு வற்றியது. கடற்கரைச் சாலையில் வெளிநாட்டு நம்பர் பலகையைப் பார்ப்பது அரிதாயிற்று. வண்டி வீடு என்பது நம் நாட்டில் பிறகு சினிமா நட்சத்திரங்களும் அரசியல் தலைவர்களும் உட்காரும் 'காரவான்' ஆயிற்று. இப்போதுதான் சாதாரண ஜனங்களுக்கு வாடகைக்கு வருகிறது. கேரள அரசு 2021-இல் இதற்கென்றே ஒரு கொள்கை போட்டது. நம் பக்கம் சாலை இருக்கிறது, நிறுத்த இடம்தான் இல்லை. தண்ணீர் பிடிக்க, கழிவைக் கொட்ட ஓர் ஏற்பாடு வேண்டாமா? பழைய ராஜாக்கள் காலத்துச் சத்திரத்தில் குளமும் கிணறும் மாடு கட்டத் தறியும் இருந்தன. பத்து மைலுக்கு ஒன்று.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். வண்டிக்கு டிரைவர் ஒருவர் கூட வருகிறார். அவர் எங்கே படுப்பார் என்று மகனிடம் கேட்டேன். "முன் சீட்டுல படுத்துப்பார்ப்பா, அதெல்லாம் பழக்கம்" என்றான். கொடைக்கானலில் குளிருமே என்று சொல்லி, வீட்டிலிருந்து தடிமனான கம்பளி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பாம்பன் பாலத்தில் வண்டியோடு போகலாம். மண்டபத்தில் ஒரு ராத்திரி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அங்கே யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மகன் இரண்டு நாளாக ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறான்.